காதுக்கு எட்டாத மெய்

'மாடு' என்ற சொல்லின் முதல் ஒலியை மட்டும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் கேட்டால், 'டு' என்று பதில் வருவதற்கே வாய்ப்பு அதிகம். அந்தப் பதிலில் ஒரு நியாயம் இருக்கிறது. குழந்தையின் காதுக்கு 'மா' ஒரே ஒலி. அதைப் பிரிக்க முடியும் என்று அதற்கு யாரும் காட்டியதில்லை. பிரித்துக் கேட்கப் பழகியவர்களுக்கே மாட்டிலிருந்து 'ம்' போனால் ஆடு மிஞ்சும் என்பது தெரியும். மலைக்குள் அலை இருக்கிறது, சிலைக்குள் இலை இருக்கிறது, மரத்துக்குள் அரம் இருக்கிறது, பழகு என்பதற்குள் அழகு இருக்கிறது. இவற்றைத் தாளில் எழுதிப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். மா என்ற எழுத்தின் வடிவத்தில் ஆ என்ற எழுத்தின் சாயலே கிடையாது. ரோமன் எழுத்தில் எழுதிய சொல்லில் முதல் எழுத்தை விரலால் மறைத்தால் மிச்ச ஒலிகள் கண்முன் அப்படியே நிற்கும். தமிழில் 'மாடு' என்று எழுதி எதை மறைத்தாலும் 'ஆடு' கிடைக்காது. அதைக் காதால் மட்டுமே எடுக்க முடியும். தமிழ் வாசிக்கக் கற்கும் குழந்தைக்கு இந்தக் காதுப் பயிற்சி தேவை, அதுவும் உயிர்மெய் பிரிகிற இந்த ஒரு புள்ளியில்தான் மிகவும் தேவை என்பதே என் வாதம். நம் வகுப்பறைகள் எழுத்தின் வடிவத்துக்கு மாதக்கணக்கில் நேரம் கொடுக்கின்றன. ஒலியைப் பிரிக்கும் வேலையைக் குழந்தையின் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுகின்றன.

பேச்சில் உள்ள மிகச் சிறிய ஒலிகளைத் தனித்தனியே உணர்ந்து, பிரித்து, சேர்த்து, மாற்றிச் சொல்லும் திறனை ஒலியன் உணர்வு என்று கல்வியாளர்கள் குறிக்கிறார்கள். இதில் எழுத்து கிடையாது, பலகை கிடையாது. கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். எளிதாகத் தோன்றும் இந்தத் திறன் குழந்தைக்கு ஏன் கைகூடுவதில்லை என்பதற்கு வாயே சான்று. கீ என்று சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தைத் தொடும் இடமும் கூ என்று சொல்லும்போது தொடும் இடமும் ஒன்றல்ல. கூ சொல்லத் தொடங்கும் முன்னரே உதடுகள் குவிந்துவிடுகின்றன. மெய் முடிந்து உயிர் தொடங்கும் எல்லை என்று ஒலியலையில் எதையும் சுட்டிக்காட்ட முடியாது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தே வருகின்றன. இசபெல் லிபர்மனும் அவரது சகாக்களும் 1974இல் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், சொல்லில் எத்தனை துண்டுகள் இருக்கின்றன என்று குச்சியால் தட்டிக் காட்டும்படி குழந்தைகளிடம் கேட்டார்கள். அசைகளைத் தட்டச் சொன்னபோது நான்கு வயதினரில் ஏறக்குறையப் பாதிப்பேர் சரியாகத் தட்டினார்கள். ஒலியன்களைத் தட்டச் சொன்னபோது நான்கு வயதில் ஒருவராலும் முடியவில்லை. ஐந்து வயதில் 17 சதவீதம் பேரால் முடிந்தது. பள்ளியில் ஓராண்டு படித்து முடிக்கும் ஆறு வயதில் 70 சதவீதம். நம் தெருக்களில் குழந்தைகள் ரகசியம் பேசப் பயன்படுத்தும் 'க' பாஷையும் இதையே சொல்கிறது. 'நீ வா' என்பதை 'கநீ கவா' என்று தடையின்றிப் பேசும் குழந்தை, ஒவ்வொரு அசைக்கும் முன் ஒரு 'க'வைச் செருகுகிறது. அசைக்குள் நுழைந்து மெய்யைத் தனியே எடுத்து மாற்றும் விளையாட்டை எந்தக் குழந்தையும் தானாகக் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் காட்டும் நுட்பம் என்னை எப்போதும் வியக்கவைக்கிறது. எழுத்து 247 என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். தொல்காப்பியம் முதலெழுத்தாகக் கொள்வது 12 உயிரும் 18 மெய்யுமாகிய 30ஐத்தான். உயிர்மெய் 216ம் அவற்றின் கூட்டு. புணர்ச்சி விதிகளில் இந்தப் பகுப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஒரு சொல் உயிர்மெய்யில் முடிந்தால் அதை உயிரில் முடிந்ததாகவே கொள்ள வேண்டும் என்று புணரியல் வகுக்கிறது. எழுத்து வடிவில் 'விள' என்பது ளகரத்தில் முடிகிறது. இலக்கணியின் காதில் அது அகரத்தில் முடிகிறது. பால் என்ற சொல்லோடு ஆறு சேர்ந்தால் பாலாறு ஆவதும், நாளோடு இதழ் சேர்ந்து நாளிதழ் ஆவதும் அந்தக் காதுக்கு இயல்பாக விளங்குகின்றன. கண்ணிமைப்பையும் கைநொடியையும் அளவாக வைத்து, குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பகுத்தவர்கள் எழுத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் செய்திருக்க முடியாது. பிறப்பியல் ஒவ்வொரு ஒலியும் வாயில் எங்கே, எந்த உறுப்புகள் பொருந்திப் பிறக்கிறது என்று விவரிக்கிறது. செய்யுளில் அகரத்துக்கு ஆ, ஐ, ஔ மோனையாகலாம், சகரத்துக்குத் தகரம் மோனையாகலாம் என்ற ஏற்பாடும் செவி கண்ட உறவுதான். இவ்வளவையும் கேட்டு எழுதிய மரபு, ஐந்து வயதுக் குழந்தையிடம் வரும்போது 247 வடிவங்கள் கொண்ட ஓர் அட்டவணையாகச் சுருங்கிவிட்டது.

அந்த அட்டவணையை நாம் கற்பிக்கும் விதத்தில் குழந்தைக்குப் பல இடையூறுகள் இருக்கின்றன. வீட்டில் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கும் ஆனா, ஆவன்னா என்ற பெயர்களை எடுத்துக்கொள்வோம். அகரக் குறிலின் பெயர் ஆனா. இகரத்தின் பெயர் ஈனா. உகரத்தின் பெயர் ஊனா. குறிலைக் கற்பிக்கும் பெயர் நெடிலில் தொடங்குகிறது. 'கானா, லானா' என்று எழுத்தெண்ணிச் சொல்லும் குழந்தை அதிலிருந்து 'கல' என்ற ஒலியைப் பெற வேண்டுமானால், கேட்டதில் பாதியை மறக்க வேண்டும். இக், இங், இச் என்று மெய்களுக்கு முன்னால் இகரம் சேர்த்துச் சொல்வது இதைவிட நல்ல முறை. மெய்யைத் தூய்மையாகக் கேட்கவைக்கும் வழி அது. ஆனால் சேர்த்துச் சொல்லும்போது அங்கேயும் சிக்கல் வருகிறது. 'இக்'கையும் 'அ'வையும் சேர்க்கச் சொன்னால் வாயில் வருவது 'இக்க'. ஆசிரியர் எதிர்பார்ப்பது 'க'. இடையில் இகரம் எங்கே போனது என்பதைக் குழந்தைக்கு யாரும் விளக்குவதில்லை. பிறகு கொம்பு. கெ, கே, கை ஆகியவற்றில் ககரத்துக்குப் பின் ஒலிக்கும் உயிரின் குறி ககரத்துக்கு முன்னால் நிற்கிறது. கொ, கோ ஆகியவற்றில் இருபக்கமும் நிற்கிறது. கு, சு, டு, பு, மு என்று உகரத்தின் குறி மெய்க்கு மெய் உருமாறுகிறது. தமிழ்நாடு அரசு 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய கூட்டு வடிவங்களைக் கைவிட்டது. அச்சு வசதியும் தட்டச்சு வசதியுமே அப்போது அதிகம் பேசப்பட்டன. என் பார்வையில் அதன் பெரிய நன்மை குழந்தைக்குக் கிடைத்தது. மெய் தனி, உயிரின் குறி தனி என்று கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் அதனால் பெருகின. ஆனால் அந்தக் குறி எதைக் குறிக்கிறது என்று காதும் கேட்டால்தான் கண் கண்டது பயன்படும்.

தமிழை எழுதியபடியே படிக்கிறோம், ஆங்கிலத்தைப் போல எழுத்துக்கும் ஒலிக்கும் பகை இல்லாத மொழிக்கு இந்தப் பயிற்சியெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் நேரானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நேர்மை எழுத்துத் தமிழுக்கு உரியது; குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவருவது பேச்சுத் தமிழ். பால் வீட்டில் 'பாலு', கண் 'கண்ணு', பல் 'பல்லு'. மரம் என்பதன் கடைசியில் மகரம் இல்லை; மூக்கொலி கலந்த ஓர் உயிர்தான் இருக்கிறது. பேச்சில் சொற்கள் பெரும்பாலும் உயிரிலேயே முடிவதால், சொல்லின் இறுதியில் புள்ளி வைத்து நிற்கும் மெய்யைக் குழந்தை கேட்டிருப்பது அரிது. 'காகம்' என்பதில் இரண்டு ககரம் இருப்பதாகப் புத்தகம் சொல்கிறது. முதலாவது வன்மையாகவும் இரண்டாவது மென்மையாகவும் ஒலிக்கிறது. தங்கத்தில் வரும் ககரம் இவ்விரண்டும் அல்ல. இவை வேறு வேறு ஒலிகள் என்று ஒரு குழந்தை அடம்பிடித்தால் அதன் காது கூர்மையானது என்று பொருள். காற்று தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் 'காத்து' ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் றகர இரட்டிப்பு இன்றும் தனி ஒலியாக நிற்கிறது. ரகரத்துக்கும் றகரத்துக்கும், நகரத்துக்கும் னகரத்துக்கும் பேச்சில் வேறுபாடே இல்லாத வட்டாரத்தில் வளரும் குழந்தையிடம் 'நன்றாகக் கேட்டு எழுது' என்று சொல்வது அநியாயம். இல்லாத வேறுபாட்டை எந்தக் காது கேட்கும்? அது பார்த்துப் பழகி நினைவில் கொள்ள வேண்டிய எழுத்துக்கூட்டல். ஒலிப் பயிற்சியின் பெயரால் குழந்தையின் வட்டார வழக்கைத் திருத்த முனைவோர் இரண்டு காரியங்களையும் கெடுக்கிறார்கள். ஆகவே தமிழ் எளிது என்ற வாதம் முழுவதும் சரியல்ல. எளிமை இருப்பது எழுத்துக்கும் நூல் தமிழின் ஒலிக்கும் இடையில்தான். குழந்தையின் வாய்மொழியிலிருந்து அங்கே செல்லும் வழியில் ஆசிரியரின் கை தேவைப்படுகிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஆய்வாளர்களிடமிருந்தே வருகிறது. ஒலியன் உணர்வு வாசிப்புக்கு முன்தேவை என்கிறீர்கள், அது வாசிப்பின் விளைவாக ஏன் இருக்கக்கூடாது என்பது அவர்கள் கேள்வி. 1979இல் ஜோசே மொராயிசும் உடன் ஆய்வாளர்களும் போர்ச்சுகல் நாட்டு எளிய மக்களிடையே ஆராய்ந்தபோது, எழுத்தறியாத பெரியவர்களால் சொல்லின் முதல் ஒலியை நீக்கவோ சேர்க்கவோ இயலவில்லை; அதே பின்னணியில் வளர்ந்து, வளர்ந்த பின் எழுத்தறிந்தவர்களால் அது முடிந்தது. 1986இல் வெளியான சீன ஆய்வில், சித்திர எழுத்தை மட்டும் அறிந்தவர்களால் ஒலியன்களைக் கையாள முடியவில்லை. ரோமன் எழுத்தில் அமைந்த பின்யின் கற்றவர்களால் முடிந்தது. நமக்கு நெருக்கமான சான்று கன்னடத்தில் கிடைக்கிறது. கன்னடக் குழந்தைகளின் வாசிப்பை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகளை முழுமையாகக் கற்பதே நான்காம் வகுப்புவரை நீள்வதும், அசை உணர்வு விரைவில் வந்தாலும் ஒலியன் உணர்வு மெதுவாகவே வளர்வதும் தெரிந்தன. எழுத்து தன் அமைப்பில் எதைப் பிரித்துக் காட்டுகிறதோ அதையே படித்தவரின் காதும் பிரித்துக் கேட்கத் தொடங்குகிறது என்பதே இவற்றிலிருந்து தெரியும் உண்மை. அதை நான் ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து 'காத்திருந்தால் போதும், தானே வரும்' என்ற முடிவுக்குப் போக முடியாது. நன்றாகப் படிக்கும் குழந்தைக்கு அது தானே வருகிறது. க, கா, கி, கீ வரிசையைப் பாடிக்கொண்டிருக்கும்போதே மாறாத ஒன்றும் மாறுகிற ஒன்றும் அதில் இருப்பதை அது ஊகித்துவிடுகிறது. ஊகிக்காத குழந்தை மூன்றாம் வகுப்பிலும் 216 வடிவங்களைத் தனித்தனியே நினைவில் வைக்கப் போராடிக்கொண்டிருக்கிறது. 1983இல் பிரிட்டனில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரயன்ட்டும் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. ஒலிகளை வகைப்படுத்தும் பயிற்சி பெற்ற குழந்தைகள் வாசிப்பில் முன்னேறினார்கள். அந்தப் பயிற்சியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் கொடுத்தபோது முன்னேற்றம் மிகுதியாக இருந்தது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அதே முடிவுக்கு வந்தது. காது முதலில், எழுத்து பிறகு என்ற கறாரான வரிசை வேண்டியதில்லை. இரண்டும் கைகோத்துப் போகலாம். மெய்யும் உயிரும் பிரிந்து சேரும் அந்த நேரத்தில் காதுக்கும் வேலை கொடுக்க வேண்டும், அவ்வளவே.

மணலில் விரலால் எழுதி, உரக்கக் கூவி, திண்ணைப் பள்ளியில் படித்தவர்கள் புலவர்களாகவில்லையா என்று கேட்போரும் உண்டு. ஆனார்கள். பாதியில் நின்றவர்களைப் பற்றி அந்தப் பெருமிதம் பேசுவதில்லை. எல்லாக் குழந்தைகளையும் படிக்கவைக்க வேண்டும் என்ற கடமை அந்தப் பள்ளிக்கு இருந்ததும் இல்லை. அதோடு, பழைய முறையை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆத்திசூடியின் முதல் பதின்மூன்று அடிகள் உயிர் பன்னிரண்டிலும் ஆய்தத்திலும் வரிசையாக அமைகின்றன. அறம் சொல்லும்போதே எழுத்தின் வரிசையையும் காதில் பதிக்கும் நூல் அது. அழ. வள்ளியப்பாவின் குழந்தைப் பாடல்களில் எதுகையும் மோனையும் செறிந்திருப்பதால், அவற்றைப் பாடும் குழந்தை ஒத்த ஒலிகளை வேண்டிய மட்டும் கேட்கிறது. இவற்றில் ஒலி இருக்கிறது, திரும்ப வருதல் இருக்கிறது. ஒலியின் பக்கம் குழந்தையின் கவனத்தைத் திருப்பும் ஒரு கேள்வி மட்டும் இல்லை. பட்டம், சட்டம், வட்டம், கட்டம் என்று பாடி முடித்ததும், எது மாறியது என்று கேட்டால் பாட்டே பயிற்சியாகிவிடும். பொருளில்லாமல் ஒலியை மட்டும் உருட்டுவது குழந்தையைச் சலிக்கவைக்கும் என்ற கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் ஆடும் மாடும் அலையும் மலையும் வேண்டும் என்கிறேன். எடுத்த பிறகும் பொருளுள்ள சொல் மிஞ்சும்போது குழந்தைக்கு வரும் வியப்பு வேறு எதிலும் வராது.

பயிற்சி எங்கே தொடங்க வேண்டும் என்பதைத் தமிழின் இயல்பே சொல்லித்தருகிறது. முதலில் அசை: பெயரைச் சொல்லிக் கைதட்டுவது. அதைப் பல குழந்தைகள் பள்ளிக்கு வரும் முன்பே செய்துவிடும். அங்கேயே நின்றுவிடக் கூடாது. அடுத்து நெடிலும் குறிலும். கல், கால்; படி, பாடி; விடு, வீடு; முடி, மூடி; எடு, ஏடு; கொடு, கோடு. தமிழில் பொருளையே மாற்றும் இந்த நீட்டத்தைக் குழந்தையின் காது ஏற்கெனவே அறியும்; நீண்டால் கையை விரி, குறுகினால் மடக்கு என்றால் போதும். புளி, புள்ளி, பசை, பச்சை, கனி, கன்னி என்ற இரட்டிப்பு அதன்பின் வரலாம். இங்கேதான் புள்ளி வைத்த மெய் முதன்முறையாகக் காதுக்கு எட்டும். அதன் பிறகே சொல்லின் முதல் மெய்யைப் பிரிக்கும் வேலை. அதற்கு ம், ந், வ், ச் போல இழுத்துச் சொல்லக்கூடிய ஒலிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். 'ம்ம்ம்மாடு' என்று இழுக்கலாம். 'ப்'பை இழுக்க முடியாது, அது உதட்டில் வெடித்து முடிந்துவிடுகிறது. 'தம்பி, மலையில முதல் சத்தத்த முழுங்கிட்டு மிச்சத்தச் சொல்லு பாப்போம்' என்று கேட்கும் ஆசிரியருக்கு வேறு கருவி வேண்டாம். எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளர் ஒரு படத்தின் கீழே கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு வில்லையை நகர்த்தச் சொன்னார். நம் வகுப்பில் புளியங்கொட்டை அந்த வேலையைச் செய்யும். 'மரம்' என்பதற்கு முதலில் மூன்று கொட்டைகள் நகரட்டும். சில வாரங்கள் கழித்து அதே மரத்துக்கு ஐந்து நகர வேண்டும். மூன்றிலிருந்து ஐந்துக்குப் போகும் அந்த அடியில்தான் உயிர்மெய் என்றால் என்னவென்று குழந்தை உண்மையாகக் கற்கிறது.

நேரம் எங்கே இருக்கிறது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். ஆனால் தேசிய வாசிப்புக் குழுவின் தொகுப்பாய்வில், மொத்தம் 20 மணி நேரத்துக்குள் முடிந்த பயிற்சிகளே நீண்ட பயிற்சிகளைவிட நல்ல பலன் தந்தன. ஒரே நேரத்தில் பல திறன்களைக் கற்பிக்காமல் ஓரிரு திறன்களை மட்டும் எடுத்துக்கொண்டவையும் சிறு குழுக்களில் நடந்தவையும் மேலும் சிறந்தன. நாளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் ஒரு கல்வியாண்டுக்குள் அடங்கிவிடும் அளவு இது. ஆங்கில ஒலிமுறை வகுப்புக்குக் கட்டணம் கட்டி அனுப்பும் பெற்றோர் நகரங்களில் பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகள் அமெரிக்காவில் ஆங்கிலம் வாசிக்கக் கற்றதை ஆராய்ந்த 1993ஆம் ஆண்டு ஆய்வில், தாய்மொழியில் ஒலியைப் பிரிக்கத் தெரிந்த குழந்தைகளே ஆங்கிலத்தில் புதிய சொற்களை எளிதாக வாசித்தார்கள். காது ஒருமுறை கற்றதை அடுத்த மொழிக்கும் எடுத்துப் போகிறது. ஆங்கிலம் நன்றாக வர வேண்டும் என்ற ஆசைக்கும் தமிழில் பழகிய காதே அடித்தளம்.

இந்தப் பயிற்சியைத் தொடங்க இடத்துக்குக் குறைவில்லை; தமிழ்நாட்டில் 50,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புவரையுள்ள குழந்தைகளின் வாசிப்பைக் குறிவைத்தது. கோவிட் காலத்தில் பள்ளி மூடிக்கிடந்ததன் இழப்பை ஈடுகட்ட அப்படி ஒரு முயற்சி அவசியமாகவே இருந்தது. ஆனால் குழந்தை எங்கே தடுமாறுகிறது என்று நாம் பார்க்கும் வழிகள் பெரும்பாலும் கண்ணைச் சார்ந்தவை: எழுத்து தெரிகிறதா, சொல் தெரிகிறதா, வாக்கியம் படிக்கிறதா. எழுத்து தெரிந்தும் சொல் வராத குழந்தையை 'இன்னும் எழுத்து போதவில்லை' என்று மீண்டும் அட்டவணைக்கே அனுப்புகிறோம். அதன் சிக்கல் எழுத்தில் இல்லாமல் ஒலியைச் சேர்ப்பதில் இருக்கலாம் என்பதை அறிய, புத்தகத்தை மூடிவைத்து வாய்மொழியாக ஐந்தாறு கேள்விகள் கேட்டால் போதும். 'ச்', 'இ', 'ல்', 'ஐ' என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னால் சிலை என்று சேர்க்கிறதா? வீடு என்பதில் வகரத்துக்குப் பதில் மகரம் போட்டால் 'மீடு' என்று பொருளில்லாத சொல்லையும் தயங்காமல் சொல்கிறதா? சொன்னால் அதற்கு வேண்டியது வாசிக்க நிறையப் புத்தகம். சொல்லாவிட்டால் 216 எழுத்துகளையும் இன்னொரு முறை எழுதவைப்பதை நிறுத்திவிட்டு, அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒலியை இழுத்தும் விட்டும் சேர்த்தும் சொல்லிக்காட்ட வேண்டும். இந்த ஐந்தாறு கேள்விகள் முதல் வகுப்பின் முதல் பருவத்திலேயே கேட்கப்பட வேண்டும்.